லாரிக்கு விதி உண்டு, குடோனுக்கு இல்லை (மின்னஞ்சல் பெட்டிகளின் கதை)

போன பதிவில் சோழர் காலத்து ஏரிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்கவும், அது அடுத்த முறை. செமஸ்டர் லீவில் நாமக்கல் போன இடத்தில் வேறு ஒரு வரலாறு கையில் மாட்டிக்கொண்டது.

அப்புச்சி நாமக்கல்லில் சின்னதாக ஒரு லாரி ஆபீஸ் வைத்திருந்தவர். இப்போது இல்லை. பரணை ஒழித்தபோது அவர் ஆபீஸ் கம்ப்யூட்டர் கிடைத்தது. பழைய விண்டோஸ் 98 பெட்டி. "உங்க மாமன் அமெரிக்காவுல இருந்து எழுதின லெட்டரெல்லாம் அதுலதான் இருக்குது கண்ணு, எடுத்துக் குடு"ன்னு அம்மிச்சி கேட்டாங்க. மாமாவிடம் அந்தக் கடிதங்கள் இல்லை. அவர் அப்போது வைத்திருந்த இலவச மெயில் கணக்கு பல வருடம் திறக்காததால் எப்போதோ அழிந்துவிட்டது. ஆக, உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே பிரதி அந்த ஹார்ட் டிஸ்க்தான்.

திறந்து படித்தால் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முட்டையும் லாரியும்

எங்கள் ஊர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நாமக்கல் பண்ணையில் ஏறுகிற முட்டை கேரளாவில் இறங்கும் வரை ஒரே அட்டையில்தான் போகும். ஒரு அட்டைக்கு 30 முட்டை. பண்ணைக்காரர், லாரிக்காரர், கடைக்காரர் எல்லாருக்கும் அதே கணக்கு. அதனால் யாரும் முட்டையை வெளியே எடுத்து வேறு அட்டைக்கு மாற்ற வேண்டியதில்லை.

மின்னஞ்சலில் இப்படி நடக்கவில்லை. 1982ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதி (ஆர்எஃப்சி 821) ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கடிதம் எப்படிப் போக வேண்டும் என்று சொன்னது. அதே வருடம் டேவிட் கிராக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822, கடிதத்தின் தலைப்பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது. அதாவது லாரிக்கும் சரக்குச் சீட்டுக்கும் விதி வந்துவிட்டது. ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அதை எப்படி அடுக்கி வைப்பது? அது அவரவர் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அது தப்பான முடிவு இல்லை. பெரிய கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. கடிதம் வருவதும் அங்கே, படிப்பதும் அங்கே. குடோன் மாறும் என்று யார் நினைத்தார்கள்?

ஒரே கோப்பு

1971ல் ரே டாம்லின்சன் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு மெயில் அனுப்பினார். அப்போது மெயில்பாக்ஸ் என்றால் சாதாரண ஒரு கோப்புதான். மற்றவர்கள் அதன் கடைசியில் எழுதிச் சேர்க்கலாம். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. அவ்வளவுதான் அதன் சிறப்பு.

யூனிக்ஸிலும் இதே வழிதான். அங்கே இதற்கு எம்பாக்ஸ் என்று பெயர் நிலைத்தது. எல்லாக் கடிதமும் ஒரே கோப்பில், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒரு வரி 'ஃப்ரம்' என்ற சொல்லும் ஒரு இடைவெளியுமாகத் தொடங்கினால் அங்கே புதுக் கடிதம் ஆரம்பம் என்று அர்த்தம். கடிதத்துக்குள்ளேயே யாராவது அப்படி ஒரு வரி எழுதிவிட்டால்? அதற்கு முன்னால் ஒரு அம்புக்குறி போட்டுவிடும். சில நிரல்கள் படிக்கும்போது அந்த அம்பை எடுத்துவிடும், சில எடுக்காது. இப்படியே எம்பாக்ஸில் நாலு வகை வந்துவிட்டது! 2005ல்தான் ஆர்எஃப்சி 4155 என்று இதைப் பற்றி ஒரு ஆவணம் வந்தது. முப்பது வருடத்துக்கும் மேலாக எழுதாத விதியில் ஓடிய வண்டி இது.

இதைவிடப் பெரிய சிக்கல் பூட்டு. நீங்கள் ஒரு கடிதத்தை அழிக்கும் அதே நொடியில் சர்வர் புதுக் கடிதத்தைச் சேர்த்தால் கோப்பு கெட்டுவிடும். அதனால் ஒரு நிரல் எழுதும்போது மற்றது காத்திருக்க வேண்டும். எந்த முறையில் பூட்டுவது என்பதில் நிரலுக்கு நிரல் வேறுபாடு. 1990களின் நடுவில் டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் க்யூமெயில் சர்வருக்காக மெயில்டிர் என்ற முறையைக் கொண்டுவந்தார். ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. பூட்டே வேண்டாம். கடிதம் படித்ததா, பதில் போட்டதா என்பதைக் கோப்பின் பெயரிலேயே ஒரு முக்காற்புள்ளிக்குப் பிறகு எழுதிவிடுவார்கள். அருமையான யோசனை. ஆனால் விண்டோஸில் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரக் கூடாது! சர்வரில் இருப்பதை அப்படியே வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க முயன்றவர்கள் பாவம் :-)

பூட்டிய பெட்டிகள்

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்ததும் கதை மாறியது. டயல்அப்பில் இணைத்து, பிஓபி வழியாகக் கடிதங்களை இறக்கிக்கொண்டு, போனை வைத்துவிட வேண்டும். கடிதத்தின் வீடு சர்வரிலிருந்து நம் மேஜைக்கு மாறியது. யூடோராவும் நெட்ஸ்கேப்பும் எம்பாக்ஸையே வைத்துக்கொண்டன. பக்கத்தில் ஒரு அட்டவணைக் கோப்பு மட்டும் தங்கள் இஷ்டத்துக்கு. மைக்ரோசாஃப்ட் தனிப் பாதை போட்டது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் டிபிஎக்ஸ், அவுட்லுக்கில் பிஎஸ்டி. வேகமாகத் தேடலாம், முகவரி, நாட்குறிப்பு எல்லாம் ஒன்றாக வைக்கலாம் என்ற வசதி இருந்தது உண்மை. ஆனால் நோட்பேடில் திறந்தால் ஒன்றும் புரியாது. அவுட்லுக் 2002 வரை பிஎஸ்டி கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது. 2003 பதிப்பில்தான் அந்த எல்லை விரிந்தது. அதன் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2010ல்.

இதற்கு நல்ல விடை முன்பே வந்திருந்தது. 1986ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய ஐமேப். சர்வர் கடிதத்தை எப்படி அடுக்கினாலும் சரி, நாம் கேட்கும்போது ஒரே மொழியில் பதில் சொன்னால் போதும் என்பதே அதன் கருத்து. குடோனுக்குள் நாம் போக வேண்டாம், கவுண்டரில் கேட்டால் போதும். இன்று போனிலும் லேப்டாப்பிலும் ஒரே மெயிலைப் பார்க்கிறோமே, அந்த யோசனையின் பலன் அது. ஆனால் கவுண்டரை மூடிவிட்டுப் போனால்? யாஹூ குழுமங்களில் எத்தனை தமிழ்க் குழுக்கள் இருந்தன! 2019 டிசம்பரில் பழைய மடல்களைத் தளத்திலிருந்து எடுத்தார்கள், 2020 டிசம்பர் 15ல் சேவையே நின்றது. நகல் எடுத்து வைத்தவர்களிடம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

தமிழுக்கு இரண்டாவது பூட்டு

அப்புச்சி பயன்படுத்தியது நெட்ஸ்கேப். நல்ல நேரம்! 'இன்பாக்ஸ்' என்ற பெயரில், பின்னொட்டு எதுவும் இல்லாத ஒரு கோப்பு. நோட்பேடில் இழுத்துப் போட்டேன். தேதி, அனுப்பியவர், பொருள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. 2001லிருந்து வரிசையாகக் கடிதங்கள். ஆனால் கடிதத்தின் உள்ளே போனால் முக்கால் பின்னக் குறி, சென்ட் நாணயக் குறி, தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள்!

அதுதான் திஸ்கி. 1991லேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றிருந்தாலும் அன்றைய கம்ப்யூட்டர்கள் அதைக் காட்டத் தயாராக இல்லை. ஆளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. இதைச் சரிசெய்ய 1990களின் பிற்பகுதியில் உலகம் முழுவதும் இருந்த தமிழ் ஆர்வலர்கள் இணையத்திலேயே விவாதித்து உருவாக்கியது திஸ்கி. சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம், மலேசியாவில் முத்து நெடுமாறன் போன்றவர்கள் அதில் முக்கியமானவர்கள். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாப், டாம் என்ற வேறு இரண்டைத் தேர்ந்தெடுத்தது. கடைசியில் எல்லாரும் வந்து சேர்ந்தது யூனிகோடில். 2010ல் அரசும் அதை ஏற்று ஆணை போட்டது.

நான் பிழைத்தது எப்படி என்றால், திஸ்கியின் அட்டவணை பொதுவில் இருந்தது. முக்கால் குறி 'த', சென்ட் குறி இகரக் கொம்பு. இணையத்தில் மாற்றிகளும் கிடைக்கின்றன. ஒட்டினேன், மாமாவின் தமிழ் வந்தது. அப்புச்சி போட்ட பதில்களுக்கு மாற்றியே தேவைப்படவில்லை. அவர் ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டியிருந்தார்!

000பி

இனிமேல் சொல்வதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நெட்ஸ்கேப் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ஒரு நிலை எண் எழுதி வைக்கும். 1 என்றால் படித்தாயிற்று, 2 என்றால் பதில் போட்டாயிற்று, 8 என்றால் அழித்தாயிற்று. அழித்தது என்றால் குறி மட்டும்தான். கோப்பைச் சுருக்கச் சொல்லும் வரை கடிதம் உள்ளேயே கிடக்கும். அப்புச்சி ஒரு தடவைகூடச் சுருக்கவில்லை போல.

2002ல் வந்த ஒரு கடிதத்தின் எண் 000பி. பதினாறடிமான எண்ணில் பி என்றால் 11. அதாவது 8+2+1. படித்து, பதில் போட்டு, அழித்திருக்கிறார். மாமாவுக்கு வேலை போயிருந்தது. டாட்காம் நிறுவனங்கள் சரிந்த சமயம். வாடகைக்குக் காசில்லை என்று எழுதியிருந்தார். அனுப்பியவை கோப்பில் அப்புச்சியின் பதில் இரண்டே வரி. பணம் வரும், தைரியமாக இரு, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அதையும் அழித்திருந்தார். அந்த வருடம்தான் ஒரு லாரியை விற்றார் என்று அம்மா சொன்னாள். ஏன் விற்றார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

மாமாவுக்குப் போன் பண்ணினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த ரெண்டையும் அம்மாகிட்டப் படிச்சுக் காட்டாதே. பொங்கலுக்கு வந்து நானே சொல்றேன்" என்றார். மற்றதையெல்லாம் பிரிண்ட் எடுத்து அம்மிச்சியிடம் கொடுத்துவிட்டேன். தினமும் ஒன்று படிக்கிறாங்க.

எனக்குப் புரிந்தது இதுதான். எங்கள் கடிதங்கள் பிழைத்ததற்கு யாருடைய கெட்டிக்காரத்தனமும் காரணம் இல்லை. ஒரு கோப்பு வெறும் எழுத்தாக இருந்தது, ஒரு அட்டவணை எல்லாருக்கும் தெரிய இருந்தது. இந்த இரண்டில் ஒன்று பூட்டியிருந்தாலும் என்னால் முடிந்திருக்காது.

உங்கள் வீட்டிலும் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் எடைக்குப் போடும் முன் ஒருமுறை பாருங்கள். ஹார்ட் டிஸ்கை முதலில் நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள். ஜிமெயிலில் இருப்பதை டேக்அவுட் மூலம் இறக்கினால் இன்றைக்கும் அதே எம்பாக்ஸாகத்தான் வருகிறது. வருடத்துக்கு ஒரு தடவை இறக்கி வைத்தால் நம் பேரப்பிள்ளைகள் நம்மைத் திட்ட மாட்டார்கள்.

அடுத்த பதிவில் நிச்சயம் சோழர் ஏரி. வரட்டுமா!