தலைக்கு எவ்வளவு? ஒரு மீத்தேன் கணக்கின் கதை

தி.நகர் நடேசன் பூங்காவில் காலை நடைக்கு வரும் நண்பர் போன வாரம் கேட்டார்: "சார், நம்ம சோறுதான் பூமியைச் சூடாக்குதாமே? அமெரிக்காவுல இருக்கற பையன் சொல்றான்." அங்கே நின்றபடி பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி இது.

பையன் சொன்னதில் உண்மை இருக்கு. தண்ணீர் தேங்கிய வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. அந்தச் சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் மட்கும் பொருளிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வந்துவிடுகிறது. ஆனால் எவ்வளவு? அதில்தான் வரலாறு இருக்கிறது.

1990-ல் வாஷிங்டனிலுள்ள உலக வளங்கள் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பசுமைக்குடில் வாயுக்களை அதிகம் விடும் நாடுகளில் இந்தியாவுக்கு ஐந்தாம் இடம். நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதில் நெல்லுக்கும் மாட்டுக்கும் பெரிய பங்கு. அதே காலத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு, இந்திய நெல்வயல்களிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் என்றது. அளந்தது நம் வயலில் இல்லை. ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் கிடைத்த அளவை நம் பரப்பளவால் பெருக்கிய கணக்கு.

1991-ல் டெல்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் மறுப்பு எழுதினார்கள். பிழைப்புக்காக நெல் விளைவிப்பவரின் மீத்தேனையும் சொகுசுக் கார் விடும் புகையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. வளிமண்டலம் தாங்கக்கூடிய அளவை ஆளுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும் என்றார்கள்.

வாதம் ஒரு பக்கம். அளவை இன்னொரு பக்கம். அதே ஆண்டு தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி.மித்ரா முன்னின்று, பல மாநில வயல்களில் நேரடியாக அளக்க ஏற்பாடு செய்தார். பயிரின் மேல் ஒளிபுகும் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசிக்குழாயில் இழுத்துப் பரிசோதிக்கும் முறை. கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு!

1991-ல் நம் மக்கள்தொகை ஏறக்குறைய 84.6 கோடி. பழைய கணக்குப்படி தலைக்கு 45 கிலோ மீத்தேன். புதியபடி 5 கிலோவுக்கும் குறைவு. காரணம் புதிரல்ல. அன்று நம் நெல்நிலத்தில் பெரும்பகுதி மழையை நம்பியிருந்தது. எப்போதும் தண்ணீர் நிற்பதில்லை. மண்ணில் மட்கும் பொருளும் குறைவு.

இன்றைக்கு? 2016-க்கு இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கில் வேளாண்மையின் பங்கு, கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக மாற்றினால், சுமார் 41 கோடி டன். பாதிக்கு மேல் கால்நடை. நெல், உரமிட்ட மண், தாள் எரிப்பு என்று பயிர்ப் பக்கம் மட்டும் பார்த்தால் சுமார் 16 கோடி. தலைக்கு 120 கிலோ. அமெரிக்காவில் நெல் சொற்பம், ஆனால் உரமிட்ட மண்ணிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடே சுமார் 30 கோடி டன்னுக்குச் சமம். 32 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 900 கிலோவைத் தாண்டும். ஒன்றுக்கு ஏழு.

இதிலும் ஓட்டை உண்டு. அந்த நாட்டுச் சோளத்தில் ஒரு பகுதி கப்பலேறிப் பிற நாடுகளுக்குப் போகிறது. நம் அரிசியும் அப்படித்தான். விளைவிப்பவர் தலையிலா, சாப்பிடுபவர் தலையிலா, எதில் எழுதுவது?

தலைக்குக் குறைவு என்பதால் சும்மா இருக்கலாம் என்றும் இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மீத்தேன் குறையும், காவிரித் தண்ணீரும் மிஞ்சும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு ஏறும். அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

நண்பருக்குச் சொல்ல விட்டுப்போனது இதுதான்: பையன் அடுத்த முறை எண் சொன்னால், எந்த வயலில் அளந்தது என்று முதலில் கேளுங்க.