காபன் வட்டமும் புவி வெப்பமடைதலும்: ஓர் அறிவு வரலாற்று நோக்கு

வரலாற்றாசிரியர்கள் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் நாணயங்களையும் சான்றாகக் கொள்வர். காற்றையும் ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் அண்மைக்காலம்வரை அவர்களிடையே எழவில்லை. ஆயினும், கடந்த இரு நூற்றாண்டுகளின் கைத்தொழில் வளர்ச்சி, அரசாங்க ஆவணங்களிற் போலவே வளிமண்டலத்திலும் பதிவாகியுள்ளது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மையாகும். இவ்வுண்மை எவ்வாறு படிப்படியாக அறியப்பட்டது, அறியப்பட்ட பின்னரும் அது ஏன் நெடுங்காலம் பொருட்படுத்தப்படாதிருந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காபன் என்னும் மூலகம் வளி, கடல், தாவரம், மண், பாறை ஆகியவற்றிடையே ஓயாது இடம்பெயர்கின்றது. இவ்விடப்பெயர்ச்சி இருவகைப்படும். தாவரங்கள் ஒளித்தொகுப்பினாற் காபனீரொட்சைட்டை உள்ளெடுத்தலும், சுவாசத்தாலும் உக்கலாலும் அது மீண்டும் வளியைச் சேர்தலும், கடல் அதனைக் கரைத்துக்கொண்டு மீள விடுதலும் விரைவான வட்டமாகும். பாறைகள் வானிலையால் அழிதல், கடலடியிற் சுண்ணாம்புக்கல் படிதல், புதையுண்ட தாவரங்கள் நிலக்கரியாதல், எரிமலைகள் வாயுவைக் கக்குதல் ஆகியன மெதுவான வட்டமாகும். முன்னையது ஆண்டுக்கணக்கிலும், பின்னையது இலட்சக்கணக்கான ஆண்டுகளிலும் நிகழ்வது. கைத்தொழிற் புரட்சி செய்தது யாதெனின், மெதுவான வட்டத்தின் களஞ்சியத்தை உடைத்து, அதன் உள்ளீட்டை விரைவான வட்டத்திற் கொட்டியதேயாகும்.

இவ்வாயுவுக்கும் வெப்பத்துக்குமுள்ள தொடர்பு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. சூரியவொளி வளியூடாக எளிதில் உட்புகுவதுபோல, புவி வெளிவிடும் ஒளியற்ற வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை என்பதை பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் பூரியே 1824ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். 1856ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த யூனிஸ் பூட் என்னும் பெண்மணி, வெவ்வேறு வாயுக்கள் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு நிரம்பிய குழாயே மிகுதியாக வெப்பமேறக் கண்டார். வளியில் இவ்வாயு மிகுந்திருந்த காலமொன்று இருந்திருப்பின், அக்காலத்திற் புவியும் மிகுந்த வெப்பமுடையதாய் இருந்திருத்தல் வேண்டும் என்பது அவர்தம் முடிபு. அவருடைய பணி ஒன்றரை நூற்றாண்டுக் காலம் மறக்கப்பட்டிருந்தமை கவலைக்குரியது. அவரையடுத்து, 1859ஆம் ஆண்டில் லண்டனில் ஜோன் ரின்டால் நுண்ணிய கருவிகளைக்கொண்டு சோதனை நடத்தினார். வளியின் பெரும்பகுதியாகிய நைதரசனும் ஒட்சிசனும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை. சிறுபகுதியாகிய நீராவியும் காபனீரொட்சைட்டுமே அவற்றை உறிஞ்சுகின்றன என அவர் நிறுவினார். அளவிற் சிறிதாயினும் விளைவிற் பெரிது என்பதே இதன் பொருள்.

இவ்வறிவைக் காபன் வட்டத்துடன் இணைத்தோர் சுவீடன் நாட்டினர். புவிச்சரிதவியலாளராகிய ஆர்விட் ஹொக்பொம், எரிமலை, பாறை, கடல் ஆகியவற்றிடையே காபன் கொண்டும் கொடுத்தும் நிற்கும் அளவுகளை வரவுசெலவுக் கணக்குப்போலத் தொகுத்தார். அக்கணக்கைப் பயன்படுத்திய இரசாயனவியலாளர் சுவாந்தே அரேனியஸ், வளியிற் காபனீரொட்சைட்டு இருமடங்காயின் வெப்பநிலை 5 தொடக்கம் 6 பாகை செல்சியஸ் வரை உயரும் என 1896ஆம் ஆண்டிற் கணித்தார். உலகில் ஆண்டுதோறும் எரிக்கப்பட்ட ஏறத்தாழ 50 கோடி தொன் நிலக்கரி, வளியிலுள்ள காபனீரொட்சைட்டின் ஆயிரத்திலொரு பங்குக்கு ஈடானது என்பதும் அக்கட்டுரையில் இடம்பெற்றது. ஆனால் அரேனியஸ் இதனைக் கண்டு அஞ்சினாரல்லர். குளிர்நாட்டவராகிய அவருக்கு வெப்பமான எதிர்காலம் வரவேற்கத்தக்கதாகவே தோன்றியது.

இதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இக்கருத்து ஒதுக்கப்பட்டமைக்கு இரு காரணங்கள் உள. காபனீரொட்சைட்டைக் கூட்டினாலும் உறிஞ்சப்படும் வெப்பம் பெரிதும் கூடுவதில்லை என்ற கருத்து, 1900ஆம் ஆண்டிற் குனுட் ஒங்ஸ்ட்ரோம் வெளியிட்ட சோதனை முடிவினால் வலுப்பெற்றமை ஒன்று. வெப்பம் விண்வெளிக்கு வெளியேறும் அளவு, நிலத்தையொட்டிய வளியிலன்றி, உயர்ந்த குளிர்ந்த படைகளிலேயே நிர்ணயமாகின்றது என்பது அக்காலத்தில் உணரப்படவில்லை. மற்றையது, மனிதர் வெளிவிடும் அனைத்தையும் கடல் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கை. இவற்றுள் முன்னையது சோதனையைப் பிழையாக விளங்கிக்கொண்டதன் விளைவு. பின்னையதோ சோதிக்கப்படாத நம்பிக்கை. அந்நம்பிக்கை வசதியானதாயும் இருந்தமையால் எவரும் அதனை வினவ விரைந்திலர்.

ஆங்கில நீராவிப் பொறியியலாளரான கை கலெண்டர், 1938ஆம் ஆண்டில் இந்நிலையை எதிர்த்தெழுந்தார். 147 வானிலை நிலையங்களின் பதிவுகளைத் தொகுத்து, வெப்பநிலையும் காபனீரொட்சைட்டும் உயர்ந்துவருவதைக் காட்டினார். துறைசார் அறிஞர்கள் அவர் கருத்தை ஐயத்துடனேயே நோக்கினர். 1955ஆம் ஆண்டில் ஹான்ஸ் சூயஸ் அண்மைக்கால மரங்களிற் காபன் 14 குறைந்திருப்பதைக் கண்டார். நெடுங்காலம் புதையுண்டிருந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் காபன் 14 எஞ்சியிருப்பதில்லை. ஆகவே வளியிற் சேர்ந்தது புதைபடிவ எரிபொருளின் காபனே என்பதற்கு இது கைரேகை போன்ற சான்றாயிற்று. 1957ஆம் ஆண்டில் அவரும் ரொஜர் ரெவெலும் வெளியிட்ட கட்டுரை கடல்பற்றிய நம்பிக்கையை அசைத்தது. கடல்நீரின் இரசாயனச் சமநிலை காரணமாக, வளியில் இவ்வாயு 10 வீதம் கூடினால் மேற்பரப்பு நீரிற் காபன் ஏறத்தாழ 1 வீதமே கூடும். கடல் பெருங்கொள்ளிடமாயினும் அதன் வாய் குறுகியது எனலாம்.

எஞ்சியிருந்தது அளவீடொன்றே. சர்வதேச புவிப்பௌதிக ஆண்டின்போது, 1958 மார்ச் மாதத்தில், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சாள்ஸ் டேவிட் கீலிங் தம் அளவீட்டைத் தொடங்கினார். முதற்பதிவு மில்லியனில் 313 பங்கு. வட அரைக்கோளத் தாவரங்கள் கோடையில் உள்ளெடுப்பதும் குளிர்காலத்தில் வெளிவிடுவதும் ஆண்டுதோறும் ஏற்றவிறக்கமாகப் பதிவாயின. அவ்வேற்றவிறக்கத்தின் ஊடே வளைகோடு ஆண்டுக்காண்டு உயர்ந்து சென்றது. இத்தகைய பணியும் 1964ஆம் ஆண்டிற் பணப்பற்றாக்குறையாற் சிறிது காலம் நின்றுபோயிற்று என்பது மனங்கொளத்தக்கது. 2013 மே மாதத்தில் நாட்சராசரி 400 பங்கைத் தொட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி 420 பங்கையும் கடந்தது.

கீலிங்கின் அளவீட்டுக்கு முற்பட்ட காலத்தை அந்தாட்டிக்காவின் பனிக்கட்டி உரைத்தது. அதனுள் அகப்பட்ட காற்றுக் குமிழிகள் எட்டு இலட்சம் ஆண்டுக்கால வளியின் மாதிரிகளாகும். அக்காலம் முழுவதிலும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே நின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் அது ஏறத்தாழ 280 பங்கு.

இவ்வரலாற்றினின்றும் பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. மனிதர் வெளிவிடும் காபனில் ஏறத்தாழ அரைப்பங்கைக் கடலும் தாவரங்களும் உள்ளெடுக்க, மீதி வளியிற் சேர்கின்றது. அவ்வாறு உயர்ந்த அளவு தணிவதற்குப் பல நூற்றாண்டுகள் வேண்டும். ஆகவே வெப்பமடைதலைத் தீர்மானிப்பது இவ்வாண்டின் புகை மட்டுமன்று. இதுவரை திரண்ட புகை முழுவதுமாகும். மான்செஸ்டரின் ஆலைகளும் றூர்ப் பள்ளத்தாக்கின் உலைகளும் எரித்த நிலக்கரியின் ஒரு பகுதி இன்றும் வளியில் நிற்கின்றது. 1992ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சமவாயம் நாடுகளின் பொறுப்பைப் பொதுவானதாயினும் வேறுபட்டது என வகுத்தமைக்கு இதுவே பௌதிக அடிப்படையாகும். கியோட்டோவில் 1997இலும் பாரிசில் 2015இலும் நிகழ்ந்த உடன்படிக்கைப் பேச்சுகளில் எழுந்த வாதங்களும் இக்கணக்கைச் சுற்றியே நிகழ்ந்தன. முன்பு எரித்தோர் பழையதை மறக்க விரும்புவர். பின்பு எரிக்கத் தொடங்கியோர் பழையதை மட்டுமே நினைவூட்ட விரும்புவர். காற்றோ இரு சாராரின் கணக்கையும் கூட்டியே வைத்திருக்கின்றது. பூட் அம்மையாரின் கண்ணாடிக் குழாய் தொட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அறிவு குறைவுபட்டதில்லை. அறிந்ததைக் கணக்கிற் கொள்ளும் மனமே குறைவுபட்டது.