பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரையில் கயாக் படகோட்டம்

பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரையில் கயாக் படகோட்டம் என்பது கனடாவின் மேற்குக் கரையிலுள்ள ஃபியோர்டுகள், நீரிணைகள், தீவுக்கூட்டங்கள் ஆகியவற்றினூடாகக் கடல் கயாக்கில் துடுப்பிட்டுப் பயணம் செய்வதாகும். கடலோர மலைத்தொடர் இங்கு நேரடியாகக் கடலுக்குள் இறங்குகின்றது. அலையற்ற நீர்ப்பரப்பும் செங்குத்தான மலைச்சுவர்களும் பயணிகளை ஈர்க்கின்றன. ஆயினும் காற்றை ஒருமுகப்படுத்துவதும், கரையேற இடமில்லாமல் செய்வதும் அதே மலைச்சுவர்களே. எனவே இப்பகுதியில் பாதுகாப்பு பற்றிய அறிவு பயணத்தின் பிரிக்கமுடியாத பகுதியாகக் கருதப்படுகின்றது.

வரலாறு

கயாக் இக்கரைக்குரிய படகு அன்று. ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்களும் அலூசியன் தீவுகளின் மக்களும் மரம் அல்லது எலும்பாலான சட்டத்தின் மேல் கடல் விலங்குகளின் தோலைப் போர்த்தி இதனை உருவாக்கினர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹைடா முதலிய முதற்குடி மக்கள் பெரிய சீடார் மரங்களைக் குடைந்து செய்த நீண்ட வள்ளங்களையே பயன்படுத்தினர். பொழுதுபோக்கிற்கான கடல் கயாக் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு பரவியது. இன்றைய கயாக்குகள் பெரும்பாலும் நெகிழி அல்லது கண்ணாடியிழையால் ஆனவை.

புவியியல்

பனியுகத்தில் பனியாறுகள் குடைந்த ஆழமான பள்ளத்தாக்குகளில் பின்னர் கடல்நீர் புகுந்ததால் ஃபியோர்டுகள் தோன்றின. இவற்றின் கரைகள் பல இடங்களில் செங்குத்தான பாறைகளாக உள்ளன. பாறையில் மோதித் திரும்பும் அலைகள் எதிர்வரும் அலைகளுடன் கலப்பதால், கரையோரம் நடுப்பகுதியை விடக் கொந்தளிப்பாக இருப்பதும் உண்டு. கரையை ஒட்டிச் செல்வதே பாதுகாப்பு என்னும் பொதுவான எண்ணம் இங்கு எப்போதும் பொருந்தாது.

முக்கிய இடங்கள்

இந்தியன் ஆர்ம்: வான்கூவர் நகருக்கு அருகிலுள்ள, சுமார் 20 கிமீ நீளமான ஃபியோர்டு. டீப் கோவ் என்னுமிடத்திலிருந்து பலரும் தம் முதல் பயணத்தைத் தொடங்குகின்றனர்.

ஹவ் சவுண்ட்: 1792 ஆம் ஆண்டில் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரால் பெயரிடப்பட்டது. இதன் வடமுனையில் ஸ்குவாமிஷ் நகர் உள்ளது. 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உயிர்க்கோளப் பகுதியாக அறிவித்தது. பெரிய பயணிகள் கப்பல்கள் இதன் தென்பகுதியைக் கடந்து செல்கின்றன.

டெசொலேசன் சவுண்ட்: இதற்கும் 1792 இல் வான்கூவரே பெயரிட்டார். பெயர் பாழ்நிலத்தைக் குறித்தாலும், இன்று மிகவும் விரும்பப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று. வான்கூவர் தீவின் வடக்கிலும் தெற்கிலும் இருந்து வரும் ஓதங்கள் இப்பகுதியில் சந்திப்பதால் நீரோட்டம் குறைவு. கோடையில் மேற்பரப்பு நீர் 20 பாகை செல்சியசுக்கும் மேல் வெப்பமடைவதுண்டு. 1973 இல் இது கடல்சார் மாகாணப் பூங்கா ஆனது.

ஜான்ஸ்டன் நீரிணை: கோடையில் ஓர்க்கா திமிங்கிலங்கள் வரும் இடம். இங்குள்ள ராப்சன் பைட் 1982 இல் சூழலியல் காப்பகமாக்கப்பட்டது. ஓர்க்காக்களிடமிருந்து குறைந்தது 200 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது சட்டம். தெற்கு நீர்ப்பரப்புகளில் இத்தொலைவு இன்னும் கூடுதலாகும்.

புரோக்கன் தீவுகள்: வான்கூவர் தீவின் மேற்குக் கரையில், பசிபிக் ரிம் தேசியப் பூங்காக் காப்பகத்திற்குள் அமைந்த நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். வெளிப்புறத் தீவுகளில் பெருங்கடல் அலைகள் நேரடியாக மோதுகின்றன. மூடுபனி திடீரெனச் சூழ்வதால் திசைகாட்டி இன்றியமையாதது.

ஆபத்துகள்

குளிர்நீர்: கோடையிலும் பல இடங்களில் நீர் மிகவும் குளிராகவே இருக்கும். குளிர்நீரில் விழுந்தவருக்கு நேர்வதை மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்னும் விதியால் விளக்குகிறார். முதல் 1 நிமிடத்தில் மூச்சுத் திணறலைக் கட்டுப்படுத்த வேண்டும். அடுத்த சுமார் 10 நிமிடங்களே கைகால்கள் பயனுள்ள வகையில் இயங்கும். உடல் குளிர்ந்து நினைவிழக்கச் சுமார் 1 மணி நேரம் ஆகலாம். கைகள் செயலிழந்தபின் நீந்துவது இயலாது. ஆகவே அந்த 1 மணி நேரம் உயிர்காப்பு மேலங்கி அணிந்தவருக்கே கிடைக்கும்.

காற்று: கோடையில் உள்நாட்டு நிலம் சூடேறுவதால் கடற்காற்று ஃபியோர்டினுள் இழுக்கப்படுகிறது, பிற்பகலில் இது வலுவடையும். ஆகவே நீண்ட நீர்ப்பரப்புகளை அதிகாலையிலேயே கடப்பது வழக்கம். குளிர்காலத்தில் உள்நாட்டுக் குளிர்காற்று மலையிடுக்குகள் வழியே கடலை நோக்கிப் பாய்கின்றது. காற்றும் நீரோட்டமும் எதிரெதிராகும்போது அலைகள் செங்குத்தாகி உடைகின்றன.

ஓதம்: நாளொன்றுக்குப் பொதுவாக இரு உயர் ஓதங்களும் இரு தாழ் ஓதங்களும் நிகழும். குறுகிய இடுக்குகளில் இந்நீர் ஆறுபோல் பாயும். ஸ்கூகும்சக் இடுக்கில் இதன் வேகம் மணிக்குச் சுமார் 30 கிமீ வரை எட்டும். தேர்ந்த படகோட்டிகள் அங்கே அலைமேல் விளையாடுகின்றனர். மற்றோர் ஓட்டம் ஓய்ந்திருக்கும் சிறு இடைவேளையிலேயே கடக்க வேண்டும். அந்நேரத்தை ஓத, நீரோட்ட அட்டவணைகளிலிருந்து அறியலாம்.

கப்பல்கள்: இழுவைப் படகுகள் மரக்கட்டைகளை நீண்ட வடத்தில் கட்டி இழுத்துச் செல்கின்றன. வடம் நீருக்குள் மறைந்திருக்கும் என்பதால், இழுவைப் படகிற்கும் அதன் சுமைக்கும் இடையே ஒருபோதும் செல்லலாகாது.

பாதுகாப்பு முறைகள்

கனடியச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மேலங்கி, 15 மீட்டருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, நீர் இறைக்கும் கருவி, ஒலியெழுப்பும் கருவி ஆகியன கயாக்கில் இருக்க வேண்டும். இரவிலும் பார்வை மங்கும் வேளையிலும் விளக்கு தேவை. இவற்றோடு பின்வருவனவும் பரிந்துரைக்கப்படுகின்றன:

- காற்றின் வெப்பத்திற்கு அன்றி, நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப உடை அணிதல்.
- கவிழ்ந்த கயாக்கில் மீண்டும் ஏறுவதைத் தனியாகவும் துணையுடனும் முன்பே பயிலுதல்.
- பயண வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்தல்.
- பல ஃபியோர்டுகளில் செல்பேசி இயங்காததால் விஎச்எஃப் வானொலி கொண்டுசெல்லுதல். இதன் 16 ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கு உரியது.
- உயர் ஓத எல்லைக்கு மேலேயே கூடாரமிட்டு, கயாக்கைக் கட்டிவைத்தல்.

கரையேற இடமில்லாத நீர்ப்பரப்பில் பாதி வழியில் மனத்தை மாற்றிக்கொள்வது அரிது. ஆகவே புறப்படுவதா, காத்திருப்பதா என்னும் முடிவைக் கரையிலேயே எடுப்பதும், காத்திருப்பதற்கென ஓரிரு நாட்களைத் திட்டத்தில் கூடுதலாகச் சேர்ப்பதும் அனுபவமுள்ள படகோட்டிகளின் வழக்கமாகும்.

இவற்றையும் பார்க்க

- கயாக்
- ஃபியோர்டு
- ஓதம்
- உடல் வெப்பக்குறைவு