முடி உதிர்தலின் வரலாறு

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிக் கிட்டங்கியைக் கடந்து சென்றால், வயல்கள் சூழ்ந்த நாவிதன்வெளியை அடையலாம். அம்பாறை மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளுள் அதுவும் ஒன்று. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நாவிதனுடைய வெளி எனப் பொருள்படும். ஒரு தொழிலாளியின் பெயரை ஒரு நிலப்பரப்பே தாங்கி நிற்கின்றது.

அத்தொழிலாளி முற்காலத்தில் கத்தியும் சீப்பும் மட்டும் ஏந்தியவர் அல்லர். ஈழத்துத் தமிழூர்களில் நாவிதரைப் பரியாரி என அழைக்கும் வழக்கு உண்டு. நோய்க்குப் பரிகாரம் செய்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். தமிழ்நாட்டில் அச்சமூகத்தார்க்கு மருத்துவர் என்றே பெயர். அவர்தம் மகளிர் மருத்துவச்சியராகிப் பிள்ளைப்பேறு பார்த்தனர். முஸ்லிம் ஊர்களில் ஒஸ்தா என அழைக்கப்பட்டவர் முடி களைந்ததோடு சிறுவர்க்குச் சுன்னத்தும் செய்துவைத்தார். இங்கிலாந்திலும் நிலைமை இதுவே. 1540ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் நாவிதரும் இரண வைத்தியரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். அவர்கள் பிரிந்து தனித்தனிச் சங்கம் கண்டது 1745இலேதான்.

ஆகவே, தலைமுடி உதிரத் தொடங்கிய இளைஞன் முதலில் நாவிதரிடமே மருந்து கேட்டதில் வியப்பில்லை. இன்றும் சலூன் நாற்காலியில் அமரும் இளைஞர் கேட்கும் கேள்வி அதுவே. நாள்தோறும் பந்தாடுகிறேன், வியர்வையால் முடி போகின்றதா? மோட்டார்ச் சைக்கிளின் தலைக்கவசம் காரணமா? உடற்பயிற்சியை நிறுத்திவிடவா? இக்கேள்விகளுக்கு விடை காண, மனிதர் இத்துறையில் நடந்துவந்த நெடுவழியைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

கி.மு. 1550 அளவில் எழுதப்பெற்ற எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்றில் வழுக்கைக்கு மருந்து கூறப்பட்டிருக்கின்றது. சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையிற் பூசுக என்கிறது அச்சுவடி. நம் பக்கத்துச் சுசுருத சங்கிதை முடியுதிர் நோயை இந்திரலுப்தம் என வகுத்துரைத்தது. நம் பரியாரிமார் கரிசலாங்கண்ணி, பொடுதலை, நெல்லி முதலியவற்றைத் தேங்காயெண்ணெயிற் காய்ச்சித் தந்தனர். வட்டமாக முடி கொட்டுவதைப் புழுவெட்டு என்று வேறு பிரித்து அறிந்திருந்தனர். எண்ணெய் முடிக்கு மெருகும் மென்மையும் தரும். எனினும் வேரளவில் நிகழும் வழுக்கையை அது தடுத்ததாக நிலைநாட்டப்படவில்லை.

அரசரும் படைத்தலைவரும் மறைக்கும் வழியை நாடினர். உரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் பின்முடியை முன்னுக்கு வாரிவிட்டதையும், எப்போதும் வெற்றிமாலை சூடும் உரிமையைப் பெரிதும் விரும்பியதையும் சுவெட்டோனியஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். பிரான்சு நாட்டுப் பதின்மூன்றாம் லூயி வேட்டையிற் பெருவிருப்புடையவர். 1624 அளவில், இருபத்து மூன்று வயதிலேயே முடி குறைந்தமையால், அவர் பொய்முடி அணியலானார். அரசரைப் பின்பற்றி அரசவை முழுவதும் பொய்முடி சூடியது.

மருந்து தேடியவர் பலர். காரணம் தேடியவர் மிகச் சிலர். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பேரால் வழங்கும் நூலில் ஒரு குறிப்பு உண்டு: அலிகளுக்கு வழுக்கை விழுவதில்லை. அச்சிறு குறிப்பு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்படாமற் கிடந்தது. 1942இல் ஜேம்ஸ் ஹமில்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்றறிஞர் அதனை மெய்ப்பித்தார். பருவமெய்துமுன் விதை நீக்கப்பெற்ற ஆடவர்க்கு வழுக்கை விழவில்லை. அவர்கட்கு ஆண்மைச் சுரப்பு மருந்தாகக் கொடுக்கப்பட்டபோது, குடும்பத்தில் வழுக்கை உடையவர்க்கு மட்டும் முடி உதிரலாயிற்று. பரம்பரையும் சுரப்பும் சேர்ந்தே வழுக்கையை விளைவிக்கின்றன என்பது அன்று தெளிவாயிற்று.

1974இல் மேலும் ஒரு கதவு திறந்தது. டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்னும் சிற்றூரில், ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருந்த ஆடவர் சிலரை ஜூலியான் இம்பெராட்டோ மக்கின்லி என்னும் பெண் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பை, முடிவேரைச் சுருக்கும் வேறொரு சுரப்பாக மாற்றுவது அந்நொதியே. அஃது இல்லாதவர்க்கு வழுக்கை இல்லை. அவ்வறிவின் பயனாய்ப் பிறந்த மருந்து பினாஸ்டெரைட். 1997இல் அமெரிக்க அரசு அதனை ஆண்களின் வழுக்கைக்கு அனுமதித்தது. இதற்கு முன்னரே, குருதியழுத்தத்துக்கு வழங்கிய மினொக்சிடில் என்னும் மருந்தை உண்டவர்க்கு உடலெங்கும் மயிர் முளைத்தது கண்டு, அதனைத் தலையிற் பூசும் மருந்தாக்கி 1988இல் விற்பனைக்கு விட்டனர். பின்தலை முடியை வேரோடு எடுத்து முன்தலையில் நடும் முறையை நியூயோர்க் மருத்துவர் நோர்மன் ஓரன்றைக் 1952இல் தொடங்கிவைத்தார்.

இனி, ஓடியாடும் இளைஞரின் கேள்விக்கு வருவோம். வியர்வை வழுக்கையை உண்டாக்குவதில்லை, தலைக்கவசமும் அவ்வாறே. முடியை நெடுங்காலம் இறுக்கி இழுத்துக் கட்டுவது மட்டும் அவ்விடத்து வேரைக் கெடுக்கும். உடற்கட்டுக்காகச் சிலர் ஊசியாலும் குளிசையாலும் ஏற்றிக்கொள்ளும் ஆண்மைச் சுரப்பு மருந்துகளோ, பரம்பரை உடையவர்க்கு வழுக்கையை விரைவுபடுத்தும். கிரியேட்டின் என்னும் தூளைப் பற்றியும் அச்சம் பரவியது. 2009இல் தென்னாபிரிக்க ரக்பி வீரர் இருபதின்மரிடம் நடந்த ஆய்வில், முடிவேரைச் சுருக்கும் சுரப்பு உயர்ந்ததே அதற்குக் காரணம். ஆனால் அவ்வாய்வில் எவர் முடியும் அளக்கப்படவில்லை. 2025இல் முடியையும் அளந்து வெளியான பன்னிரண்டு வார ஆய்வொன்றில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

மருந்தும் வீரனுக்கு இடராகலாம் என்பதற்குச் சக் லண்ட் என்னும் அமெரிக்கரின் கதை சான்று. பனிப்பாதையில் சறுக்குவண்டி மீது குப்புறப் படுத்து விரையும் விளையாட்டில் அவர் முன்னணி வீரர். 1999 முதல் வழுக்கைக்காகப் பினாஸ்டெரைட் உண்டுவந்தார். சோதனைப் படிவங்களில் அதனைத் தாமே எழுதியும் வந்தார். ஊக்கமருந்தை மறைக்க உதவக்கூடும் என்று 2005இல் அம்மருந்து தடைப்பட்டியலிற் சேர்ந்தது. அதனை அவர் கவனிக்கவில்லை. 2006 பெப்ரவரியில், டூரின் ஒலிம்பிக் விழா தொடங்கும் வேளையில், அவருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர் என நடுவர்களே ஏற்றும் பயனில்லை. 2009இல் அம்மருந்து பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2010இல் வன்கூவர் ஒலிம்பிக்கில் அவர் ஐந்தாம் இடம் பெற்றார். இழந்த நான்காண்டுகளை யார் ஈடுசெய்வார்? போட்டிகளில் இறங்குவோர் எந்த மருந்தையும் அவ்வாண்டுப் பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே உட்கொள்ளல் வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில. நாளொன்றுக்கு நூறு முடி வரை உதிர்தல் இயல்பு. டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பின்னும், பட்டினி கிடந்து உடலை மெலிவித்த பின்னும், இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டும். அஃது பெரும்பாலும் தானே மீளும். வட்டமாகக் கொட்டினாலோ, அரிப்பும் செதிலும் தோன்றினாலோ, அது வேறு நோய். தோல் வைத்தியரை நாட வேண்டும். நெற்றியோரமும் உச்சியும் மெல்லமெல்லக் குறைவதே பரம்பரை வழுக்கை. அதற்கு மருந்து வேண்டுவோர் தொடக்கத்திலேயே தொடங்குதல் நன்று. நிறுத்தினால் பயனும் நின்றுபோம். பினாஸ்டெரைட் சிலர்க்குத் தாம்பத்திய விருப்பத்தைக் குறைப்பதும், மனச்சோர்வு தருவதும் உண்டு; ஆதலால் வைத்தியர் மேற்பார்வை இன்றி அதனை உண்ணலாகாது. மருந்து வேண்டாதவர்க்குக் குட்டையாக வெட்டிய முடியும், வெயிலுக்கு ஒரு தொப்பியும் போதும்.

நம் ஊர்களில் ஹஜ்ஜுக் கடமையை முடித்தோர் தலைமுடி களைகின்றனர்; கதிர்காமத்தில் நேர்த்தி வைத்தோரும் களைகின்றனர். அப்போது எவரும் நாணுவதில்லை. 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட்டில் தொடரின் சிறந்த வீரராகத் தெரிவான சனத் ஜயசூரியவுக்கு அப்போது வயது இருபத்தாறு. முன்னந்தலையில் முடி குறைந்திருந்த அவ்விளைஞரின் மட்டையையே உலகம் நோக்கியது. முடிக்காக மருந்து உண்பதும் உண்ணாதிருப்பதும் அவரவர் விருப்பம். அதன் பொருட்டு மைதானத்தை விட்டு விலகுவதற்கு மட்டும் காரணம் ஏதுமில்லை.