சென்னை சூப்பர் கிங்ஸ் உடைமையும் இரசிகர் அதிருப்தியும்

சென்னை சூப்பர் கிங்ஸ் இரசிகர் அதிருப்தி என்பது, இந்தியன் பிரீமியர் லீக் (ஐ.பி.எல்.) துடுப்பாட்டத் தொடரில் ஆடும் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உடைமை, நிருவாகம், வீரர் தேர்வு ஆகியவை குறித்து அவ்வணியின் இரசிகர்களிடையே 2008 முதல் பல்வேறு காலகட்டங்களில் எழுந்த மனக்குறைகளைக் குறிக்கும். இவ்வணி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. 2015 ஜூலையில் இதன் உடைமை நிறுவனம் இரண்டாண்டு இடைநீக்கம் செய்யப்பட்டது. 2025 இல் அணி முதன்முறையாகப் புள்ளிப் பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்றது. வெற்றி கிட்டிய ஆண்டுகளில் அடங்கியிருந்த கேள்விகள் தோல்வி நேர்ந்த ஆண்டுகளில் மீண்டும் எழுந்தமை இவ்வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படும் பண்பாகும்.

பொருளடக்கம்
1 அணியின் உடைமை
2 விதித் திருத்தமும் வழக்கும்
3 2013 சூதாட்ட விவகாரம்
4 இடைநீக்கக் காலம்
5 காவிரிப் போராட்டமும் கடைமடை இரசிகர்களும்
6 விளையாட்டரங்கம் தொடர்பான குறைகள்
7 தமிழ் வீரர்கள் குறித்த குறை
8 2020 க்குப் பிந்தைய சரிவு
9 உடைமை நிறுவனத்தில் மாற்றம்
10 பிற நாடுகளுடன் ஒப்பீடு
11 இவற்றையும் பார்க்கவும்

அணியின் உடைமை

ஐ.பி.எல். தொடரின் எட்டு அணிகளுக்கான ஏலம் ஜனவரி 24, 2008 அன்று நடைபெற்றது. சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி அமெரிக்க டாலருக்குப் பெற்றது. 1946 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் தனது முதல் ஆலையைத் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள தாழையூத்தில் அமைத்தது. நீண்ட காலமாகவே பல துடுப்பாட்ட வீரர்களுக்கு வேலை வழங்கிவந்த நிறுவனம் இது.

ஏலம் நடந்தபோது நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த என். சீனிவாசன், தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கத்தின் தலைவராகவும், இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொருளாளராகவும் இருந்தார். 2008 செப்டம்பரில் வாரியத்தின் செயலாளராகவும் 2011 செப்டம்பரில் தலைவராகவும் ஆனார். தொடரை நடத்தும் அமைப்பின் பொறுப்பாளரே தொடரில் ஆடும் ஓர் அணியின் உடைமை நிறுவனத்தையும் நடத்தியது பிற்காலச் சர்ச்சைகள் அனைத்திற்கும் அடிப்படையாக அமைந்தது.

விதித் திருத்தமும் வழக்கும்

வாரியத்தின் விதிகளில் 6.2.4 என்னும் பிரிவு, நிருவாகிகள் வாரியம் நடத்தும் போட்டிகளில் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக நலன் கொண்டிருப்பதைத் தடை செய்திருந்தது. ஐ.பி.எல். போன்ற தொடர்களுக்கு இத்தடையிலிருந்து விலக்களிக்கும் திருத்தம் 2008 செப்டம்பரில் நிறைவேற்றப்பட்டது.

இதனை எதிர்த்து வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ. சி. முத்தையா வழக்குத் தொடர்ந்தார். சேப்பாக்கம் விளையாட்டரங்கிற்குப் பெயர் தந்த எம். ஏ. சிதம்பரத்தின் மகன் இவர். 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். அணி 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோப்பையை வென்ற அக்காலத்தில் இவ்வழக்கு பொது இரசிகர்களின் கவனத்தைப் பெரிதாக ஈர்க்கவில்லை.

2013 சூதாட்ட விவகாரம்

மே 16, 2013 அன்று ராஜஸ்தான் ராயல்ஸ் அணி வீரர்கள் மூவர், பந்து வீச்சில் முன்னேற்பாடு செய்துகொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு டெல்லிக் காவல்துறையினரால் கைது செய்யப்பட்டனர். இதனைத் தொடர்ந்து சீனிவாசனின் மருமகனும் சென்னை அணியின் முகமாக அறியப்பட்டவருமான குருநாத் மெய்யப்பன், சூதாட்டக் குற்றச்சாட்டில் மே 24 அன்று மும்பையில் கைதானார். அவர் அணியின் உடைமையாளரோ தலைமை அலுவலரோ அல்லர் என்றும், நிருவாகக் குழுவின் மதிப்புறு உறுப்பினர் மட்டுமே என்றும் இந்தியா சிமெண்ட்ஸ் அறிவித்தது. அவர் ஆடுகளத்தின் ஓரத்தில் வீரர்களுடன் அமர்ந்திருந்ததைப் பல பருவங்களாகப் பார்த்திருந்த இரசிகர்களுக்கு இவ்விளக்கம் ஏற்புடையதாக இருக்கவில்லை. இரண்டு நாட்களுக்குப் பின் கொல்கத்தாவில் நடந்த இறுதிப்போட்டியில் சென்னை அணி மும்பை இந்தியன்சிடம் 23 ஓட்டங்களால் தோற்றது.

பீகார் துடுப்பாட்டச் சங்கம் தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குருநாத் அணியின் அலுவலரே என்றும், அவர் பந்தயம் கட்டினார் என்றும் அக்குழு கண்டறிந்தது. சீனிவாசன் சூதாட்டத்தில் ஈடுபட்டதாகவோ விசாரணையைத் தடுத்ததாகவோ நிறுவப்படவில்லை. ஜனவரி 22, 2015 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பில், நீதிபதிகள் டி. எஸ். தாக்கூர், எப். எம். இப்ராகிம் கலிபுல்லா ஆகியோர் 2008 ஆம் ஆண்டின் விதித் திருத்தம் செல்லாது என அறிவித்தனர். தண்டனையை முடிவு செய்ய முன்னாள் தலைமை நீதிபதி ஆர். எம். லோதா தலைமையில் குழு அமைக்கப்பட்டது.

இடைநீக்கக் காலம்

ஜூலை 14, 2015 அன்று லோதா குழு, குருநாத் துடுப்பாட்டத்துடன் தொடர்பு கொள்ள வாழ்நாள் தடை விதித்தது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனமும், ராஜஸ்தான் அணியின் உடைமை நிறுவனமும் இரண்டாண்டுகள் இடைநீக்கம் செய்யப்பட்டன. இவற்றுக்கு மாற்றாக ரைசிங் புனே சூப்பர் ஜயண்ட்ஸ், குஜராத் லயன்ஸ் என்னும் இரு அணிகள் 2016, 2017 ஆகிய பருவங்களில் ஆடின. மகேந்திரசிங் தோனி புனே அணிக்கும், சுரேஷ் ரைனா குஜராத் அணிக்கும் சென்றனர்.

இத்தீர்ப்பில் சென்னை வீரர் எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆயினும் தண்டனையின் சுமை வீரர்கள் மீதும் இரசிகர்கள் மீதும் விழுந்தது. இரசிகர்களின் கருத்து இருவகையாகப் பிரிந்தது. ஒருசாரார், உடைமையாளர் தரப்பின் தவற்றுக்கு ஒரு நகரத்தின் அணியை விலக்குவது முறையன்று என்றனர். மற்றொருசாரார், அணியின் பெயரால் ஈட்டிய பயனை உடைமையாளர் பெறும்போது அதன் பழியையும் அணி ஏற்றே ஆகவேண்டும் என்றனர். தமக்குப் பங்கில்லாத ஒரு செயலுக்குத் தாம் விலை கொடுத்தோம் என்னும் உணர்வு இரு சாராரிடமும் பொதுவாக இருந்தது.

காவிரிப் போராட்டமும் கடைமடை இரசிகர்களும்

2018 இல் அணி மீண்டும் களமிறங்கிய காலம் காவிரிச் சிக்கல் உச்சத்திலிருந்த காலமாகும். பிப்ரவரி 16, 2018 அன்று உச்ச நீதிமன்றம் ஆண்டுப் பங்கீடாகத் தமிழ்நாட்டிற்கு 404.25 டி.எம்.சி. நீரும் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீரும் ஒதுக்கியது. இதற்கான செயல்திட்டத்தை நடுவண் அரசு ஆறு வாரங்களுக்குள் உருவாக்கவில்லை. இதனால் தமிழகம் முழுவதும் போராட்டங்கள் எழுந்தன. சென்னையில் ஐ.பி.எல். போட்டிகளை நடத்தக்கூடாது என்னும் கோரிக்கையும் அவற்றுள் ஒன்று.

ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தா அணிக்கு எதிரான போட்டி கடும் காவலுக்கிடையே நடந்தது. ஆடுகளத்திற்குள் காலணிகள் வீசப்பட்டன. 203 ஓட்டங்கள் என்னும் இலக்கைச் சென்னை அணி எட்டி வென்றது. எஞ்சிய உள்ளூர்ப் போட்டிகள் ஆறும் புனேக்கு மாற்றப்பட்டன. சுமார் ஆயிரம் இரசிகர்கள் தனித் தொடர்வண்டியில் புனேக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். மே 27 அன்று மும்பையில் நடந்த இறுதிப்போட்டியில் ஷேன் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுக்க, அணி மூன்றாம் முறையாகக் கோப்பையை வென்றது.

இச்சிக்கல் காவிரியின் கடைமடையில் வாழும் இரசிகர்களை நேரடியாகத் தொட்டது. புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட 7 டி.எம்.சி. நீர் காரைக்கால் மாவட்டப் பாசனத்திற்கு உரியதாகும். அம்மாவட்டத்திலுள்ள திருமலைராயன்பட்டினம் போன்ற ஊர்களில் அணிக்கு இரசிகர்கள் உண்டு. ஆயினும் இவ்வூர்கள் தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கத்தின் எல்லைக்குள் அடங்குவன அல்ல. புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக ஆடியதே 2018-19 பருவத்தில்தான். எனவே அணியின் பெயரிலுள்ள நகரமும் அவர்களுடையதன்று, அதனை ஆளும் சங்கத்திலும் அவர்களுக்கு இடமில்லை; மொழியும் பற்றுமே அவர்களை அணியுடன் இணைக்கின்றன. வாய்க்காலில் நீர் வராத பருவத்தில் ஆட்டத்தைக் காண்பதா, புறக்கணிப்பதா என்னும் கேள்வி அவர்களுக்கு வெறும் அரசியல் கேள்வியாக இருக்கவில்லை. காளமேகப் புலவர் வசைபாடி மண்மாரி பொழியச் செய்தார் என்னும் வழிவழிக் கதையால் அறியப்படும் ஊர் திருமலைராயன்பட்டினம் என்பது குறிப்பிடத்தக்கது.

விளையாட்டரங்கம் தொடர்பான குறைகள்

சேப்பாக்கம் எம். ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கில் புதிதாகக் கட்டப்பட்ட ஐ, ஜே, கே என்னும் மூன்று மாடங்கள், கட்டட அனுமதி தொடர்பான சிக்கலால் 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. இவற்றில் சுமார் 12,000 இருக்கைகள் இருந்தன. இக்காரணத்தால் 2019 ஆம் ஆண்டின் இறுதிப்போட்டி சென்னையிலிருந்து ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அப்போட்டியில் சென்னை அணி ஓர் ஓட்டத்தால் தோற்றது.

மாடங்கள் சங்கத்தின் பொறுப்பு, அணி நிறுவனத்தின் பொறுப்பு. எனினும் இரண்டின் தலைமையிலும் ஒரே குடும்பத்தினர் பல ஆண்டுகள் இருந்ததால் இரசிகர்கள் இவ்வேறுபாட்டைப் பெரிதாகக் கருதவில்லை. சீனிவாசனின் மகள் ரூபா குருநாத் 2019 முதல் 2021 வரை சங்கத்தின் தலைவராக இருந்தார். 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்ட மாடம் திறக்கப்பட்டது. அதன்பின் நுழைவுச்சீட்டுகள் கிடைப்பது அரிதென்பதும் கள்ளச்சந்தையில் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றன என்பதும் முதன்மையான குறைகளாயின. 2024 இல் சீட்டு விற்பனை முழுவதும் இணைய வழிக்கு மாற்றப்பட்ட பின்னரும் இக்குறை நீங்கவில்லை.

தமிழ் வீரர்கள் குறித்த குறை

தொடக்க ஆண்டுகளில் சு. பத்ரிநாத், முரளி விஜய், ரவிச்சந்திரன் அசுவின், இலட்சுமிபதி பாலாஜி முதலிய தமிழக வீரர்கள் அணியில் முதன்மை இடம் பெற்றிருந்தனர். 2018 க்குப் பின் இந்நிலை மாறியது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன், வருண் சக்கரவர்த்தி, வாசிங்டன் சுந்தர் ஆகியோர் பிற அணிகளில் புகழ்பெற்றனர். ஏப்ரல் 2023 இல் பாட்டாளி மக்கள் கட்சியின் தருமபுரி உறுப்பினர், தமிழ் வீரர்களுக்கு இடமளிக்காத அணியைத் தடை செய்ய வேண்டும் எனச் சட்டமன்றத்தில் கோரினார். அப்பருவத்திலேயே அணி கோப்பையை வென்றதால் கோரிக்கை வலுவிழந்தது.

இலங்கை வீரர்கள் குறித்தும் எதிர்ப்புகள் எழுந்துள்ளன. ஈழத்தமிழர் சிக்கலை முன்னிட்டு 2013 இல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட அனுமதிக்கப்படவில்லை. 2022 இல் மகீசு தீக்சன ஏலத்தில் எடுக்கப்பட்டபோது சமூக ஊடகங்களில் அணியைப் புறக்கணிக்கக் கோரும் பரப்புரை நடந்தது.

2020 க்குப் பிந்தைய சரிவு

2020 இல் அணி எட்டு அணிகளுள் ஏழாம் இடம் பெற்று, தான் ஆடிய பருவங்களில் முதன்முறையாக அடுத்த சுற்றை இழந்தது. 2022 இல் பத்து அணிகளுள் ஒன்பதாம் இடம் பெற்றது. அப்பருவத்தின் தொடக்கத்தில் இரவீந்திர ஜடேஜாவுக்கு வழங்கப்பட்ட தலைமை, பருவத்தின் நடுவிலேயே தோனியிடம் திரும்பியது. அதே ஆண்டு ஏலத்தில் ரைனாவை எவ்வணியும் எடுக்காதபோது, சென்னை அணியேனும் எடுத்திருக்க வேண்டும் என்று இரசிகர்கள் வருந்தினர்.

2025 ஆம் ஆண்டுப் பருவம் இவை அனைத்தையும் விஞ்சியது. அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்றது. சேப்பாக்கத்தில் முதல் ஆட்டத்தை வென்றபின் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றது. பெங்களூர் அணியிடம் 2008 க்குப் பிறகும், டெல்லி அணியிடம் 2010 க்குப் பிறகும் முதன்முறையாகச் சொந்த மண்ணில் தோல்வி கண்டது. தலைவர் ருதுராஜ் கெயிக்வாட் காயத்தால் விலக, 43 வயதான தோனி மீண்டும் தலைமையேற்றார். அதே பருவத்தில் அதிக ஓட்டங்கள் எடுத்தவர் சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சன். அவர் குஜராத் டைட்டன்ஸ் அணிக்காக 759 ஓட்டங்கள் எடுத்தார். தோனியின் ஓய்வைப் பற்றிப் பேசத் தயங்கிய இரசிகர்களும், அவரை மையமாகக் கொண்டே அணி அமைக்கப்படுவது விளையாட்டு நலனுக்கா, வணிக நலனுக்கா என வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கியது இப்பருவத்தில்தான்.

நவம்பர் 2025 இல் ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் அணிக்கு மாற்றப்பட்டு, சஞ்சு சாம்சன் பெறப்பட்டார். 2023 இறுதிப்போட்டியின் கடைசி இரு பந்துகளில் பத்து ஓட்டங்கள் எடுத்து வெற்றி தேடித்தந்த ஜடேஜாவை இழந்தது பலருக்கு வருத்தமளித்தது. இளைய அணியை உருவாக்க இது தேவை எனப் பிறர் கருதினர்.

உடைமை நிறுவனத்தில் மாற்றம்

2015 இல் அணி, சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் என்னும் தனி நிறுவனத்திற்கு மாற்றப்பட்டது. அதன் பங்குகள் பின்னர் இந்தியா சிமெண்ட்சின் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இதனால் டிசம்பர் 2024 இல் அல்ட்ராடெக் நிறுவனம் இந்தியா சிமெண்ட்சைக் கையகப்படுத்தி, சீனிவாசன் அதன் மேலாண்மைப் பொறுப்பிலிருந்து விலகியபோதும் அணி கைமாறவில்லை. அணியை உருவாக்கிய ஆலை வேறொருவருடையதாயிற்று. அணி மட்டும் தனித்து நின்றது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

அமெரிக்க அடிபந்தாட்டத்தில் (பேஸ்பால்) இதையொத்த நிகழ்வுகள் உள்ளன. 1919 ஆம் ஆண்டின் இறுதித்தொடரில் பணம் பெற்றுத் தோற்றதாக எழுந்த விவகாரத்தில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் வீரர்கள் எண்மர் வாழ்நாள் தடை பெற்றனர். அணி இடைநீக்கம் செய்யப்படவில்லை. அதாவது அங்கு வீரர்கள் தண்டிக்கப்பட்டு அணி தப்பியது. சென்னையில் வீரர்கள் தப்பி அணி தண்டிக்கப்பட்டது. அதே சிகாகோ அணி 2024 இல் 121 ஆட்டங்களில் தோற்றபோது இரசிகர்களின் சினம் உடைமையாளர் ஜெர்ரி ரைன்சுடார்ப் மீது திரும்பியது.

ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணியை வேறு நகருக்கு மாற்ற உடைமையாளர் முயன்றபோது, ஜூன் 13, 2023 அன்று 27,759 பேர் அரங்கில் திரண்டு, அணியை விற்றுவிடுமாறு முழங்கினர். ஆயினும் 2024 உடன் அணி அந்நகரைவிட்டு நீங்கியது. இதற்கு மாறாக, செருமானியக் காற்பந்துக் கழகங்களில் பொதுவாக வாக்குரிமையின் பெரும்பகுதி கழக உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்னும் விதி உள்ளது. இந்தியாவில் இத்தகைய விதி எதுவும் இல்லை. பங்குச் சான்று வாங்கியவர் தவிர்த்த ஏனைய இரசிகருக்கு அணியின் முடிவுகளில் முறையான குரல் இல்லை. அரங்கிற்கு வருவதும் வராதிருப்பதுமே அவர்கள் கையிலுள்ள கருவியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

இந்தியன் பிரீமியர் லீக்
எம். ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கம்
லோதா குழு
காவிரி ஆற்று நீர்ப் பிணக்கு
திருமலைராயன்பட்டினம்