கடல் வருகிறது என்று நமக்கு இரண்டு தடவை சொன்னார்கள்

கடல் மட்டம் உயர்வதால் வரும் பாதிப்புக்கு உதாரணம் எழுதச் சொன்னால், நம்மட பிள்ளைகளில் பாதிப்பேர் "சுனாமி" என்று எழுதுகிறார்கள். மீதிப்பேர் "ஒலுவில் கடலரிப்பு" என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் முழுப்புள்ளி போட முடியாது. சுனாமி நிலநடுக்கத்தால் வந்தது. ஒலுவில் கரை போனதற்கு முதல் காரணம் துறைமுகம். பிழை என்று கோடு போடலாம்தான், ஆனால் கை வருவதில்லை. பிள்ளைகள் வீட்டில் கேட்டதைத்தான் எழுதுகிறார்கள்.

அதே வீட்டில் பெரியாக்கள் வேறு கதை பேசுவார்கள். காலநிலை மாற்றம், கடல் ஏறுது, கரையை விட்டுத் தள்ளியிருங்கள் என்று யாராவது கூட்டம் வைத்தால் உல்லைத் தேத்தண்ணிக் கடையில் வரும் பதில் ஒன்றுதான்: "இது காணி பிடிக்கிற வேலை." வெளியூரில் இருந்து வருகிறவர்கள் இதைப் படிப்பறிவில்லாத பேச்சு என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அது சரியில்லை. அந்தச் சந்தேகத்துக்கு இருபது வருட வரலாறு இருக்கிறது.

2004 டிசம்பர் 26. இலங்கையில் அதிகம் பேர் மௌத்தானது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், தெற்கே பொத்துவில், உல்லை வரை கரையோரம் முழுக்கத் துடைத்தெறியப்பட்டது. மையித்துகளை அடக்கி முடிய முன்னமே அடுத்த செய்தி வந்தது: கரையில் வீடு கட்ட முடியாது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். "பஃபர் சோன்" என்ற சொல்லை நம்மட உம்மாமார் அப்போதுதான் படித்தார்கள்.

கரையோரத்தில் கட்டுப்பாடு என்பது நாட்டுக்குப் புதிதல்ல. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் கடலிலிருந்து 300 மீற்றர் வரையான நிலத்தைக் கரையோர வலயம் என்கிறது. அதற்குள் கட்ட அனுமதி எடுக்க வேண்டும். ஆனால் 2005இல் வந்தது அனுமதி பற்றிய கதை இல்லை, வெளியேற்றம். அறுகம்பேயைத் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். பாலத்துக்குத் தெற்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. 200 மீற்றர் அளந்தால் பல இடங்களில் நாடா பிரதான வீதியையும் தாண்டிப் போகும். ஊரில் மிச்சம் என்ன?

இதில் கோபத்தைக் கிளப்பியது அளவு அல்ல, விதிவிலக்கு. மீனவன் வாடி போடக்கூடாது, ஆனால் சுற்றுலா விடுதி திருத்திக் கட்டலாம். அதே 2005இல் அறுகம்பேக்கான அபிவிருத்தித் திட்டமும் வெளிவந்தது. சுமார் 80 மில்லியன் டொலர் பெறுமதி, பணக்காரச் சுற்றுலாப் பயணிகளை மனதில் வைத்துப் போட்டது. கடல் ஆபத்து என்றால் விடுதிக்காரனுக்கு ஆபத்தில்லையா என்று மக்கள் வீதியில் இறங்கிக் கேட்டார்கள். கனடா எழுத்தாளர் நவோமி கிளைன் பிறகு தன் புத்தகத்தில் இந்தக் கரையைப் பற்றி எழுதியது இதனால்தான்.

அரச தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இன்னொரு அலை வந்தால் யார் பதில் சொல்வது? உறவுகளைப் பறிகொடுத்த சிலர் அந்தக் கரைக்குத் திரும்பவே மாட்டோம் என்றும் இருந்தார்கள். ஆனால் எங்கே போவது? கல்முனை, சாய்ந்தமருது பக்கம் ஒரு புறம் கடல், மறுபுறம் வயல், நடுவில் நெருக்கிக் கட்டிய வீடுகள். அக்கரைப்பற்று மக்களுக்கென்று சவூதி உதவியில் நுரைச்சோலையில் 500 வீடுகள் எழும்பின. விசயம் நீதிமன்றம் போய், வீடுகள் வருடக்கணக்கில் காடு பற்றிக் கிடந்தன. பிறகு வலயமும் சுருங்கியது, நம்மட பக்கம் 65 மீற்றர் என்ற கணக்கு நிலைத்தது. 200 மீற்றருக்குள் இருந்தால் மரணம் என்று சொன்ன அதே வாய் 65 போதும் என்றபோது, இந்த எண்களை நம்புவது எப்படி என்ற கேள்வி விழுந்துவிட்டது.

இரண்டாவது தடவை ஒலுவிலில். மர்ஹூம் அஷ்ரப் கண்ட கனவு அந்தத் துறைமுகம். அவர் 2000இல் மறைந்தார். வேலை 2008இல் தொடங்கி, டென்மார்க் கடனில், சுமார் 46 மில்லியன் யூரோவில், 2013 செப்டம்பரில் திறந்தார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நம்மட கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை அதைக் கரையோரமாக வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். குறுக்கே அலைதடுப்புச் சுவர் கட்டினால் தெற்கில் மணல் குவியும். வடக்கே போகவேண்டிய மணல் போகாது, அங்கே கடல் கரையைத் தின்னும். அப்படியே நடந்தது. தென்னந்தோட்டங்கள் வேரோடு விழுந்தன. கல் போட்டார்கள். கல் போட்ட இடம் தப்பியது, அரிப்பு நிந்தவூர் பக்கம் நகர்ந்தது.

பிறகு துறைமுக வாயையும் மணல் மூடியது. ஆழ்கடல் படகுக்காரர்கள் தோண்டித் திறக்கச் சொன்னார்கள், அவர்களுக்கு அது வயிற்றுப்பிரச்சினை. ஒலுவில் மக்கள் முதலில் எங்கட காணியைக் காப்பாற்றுங்கள், பிறகு தோண்டுங்கள் என்று மறித்தார்கள். 2018இல் நம்மட ஆட்களே இரண்டு பக்கமாக நின்றோம். இதற்கிடையில் "உலகம் முழுக்கக் கடல் ஏறுதுதானே" என்று சிலர் லேசாகச் சொல்லிவிட்டுப் போனதும் நினைவிருக்கிறது. துறைமுகம் செய்ததைக் காலநிலையின் தலையில் கட்டினால், அடுத்த முறை காலநிலை என்று உண்மையிலேயே சொல்லும்போது யார் காது கொடுப்பார்கள்?

உண்மையிலேயே சொல்லவேண்டியதும் இருக்கிறது. ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. கணக்கில் 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிறகு வேகம் வருடம் 3.7 மில்லிமீற்றர். சின்ன எண்தான். ஆனால் நம்மட மாதிரித் தட்டையான மணற்கரையில் அது பக்கவாட்டில் பல மடங்காகத் தெரியும், கிணற்றுத் தண்ணீரிலும் உப்பாகத் தெரியும். இதைக் கிளப்பிவிட்டது நாம் அல்ல, ஓர் இலங்கையர் வருடத்துக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு சுமார் 1 தொன்தான். அதற்காகக் கடல் நம்மை விட்டுவைக்கப் போவதில்லை.

நம்மட பக்கத்துக் குறையையும் சொல்லவேண்டும். இன்று உல்லையில் அலைக்கு மிக நெருக்கமாகக் கொன்கிறீட் போட்டிருப்பவர்களில் நம்மட ஆட்களும் இருக்கிறார்கள். 2005இல் விடுதிக்கு மட்டும் விதிவிலக்கா என்று கேட்ட ஊரில், விடுதி நம்முடையதானதும் அந்தக் கேள்வி சத்தமில்லாமல் போய்விட்டது.

பெரியாக்களிடம் ஒரு உதவி. 2005இல் உல்லையில் 200 மீற்றர் அளந்தபோது எல்லை எந்த வளவுக்குள் விழுந்தது, வீதிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா, அன்றைக்குக் கடல் எங்கே நின்றது என்று நினைவிருப்பவர்கள் கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் போடுங்கள். வகுப்பில் வரைபடம் கீற வேண்டும்.