மேடையா, பணியா?



2008 அமெரிக்கன் ஐடல் பாட்டுப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றவர் டேவிட் ஆர்ச்சுலேட்டா, அப்போது மோர்மன் சபை இளைஞராக இருந்தார். புகழோடு இருக்கும்போதே 2012இல் பாட்டை நிறுத்திவிட்டு, இரண்டு வருட மதப்பணிக்காகச் சிலி நாட்டுக்குப் போனார். பாடகர் கேட் ஸ்டீவன்ஸ் 1977இல் இஸ்லாத்தைத் தழுவி யூசுப் இஸ்லாம் ஆனார். மேடையை விட்டு, 1983இல் லண்டனில் பள்ளிக்கூடம் தொடங்கினார். நெடுங்காலம் கழித்தே மீண்டும் பாட வந்தார்.

இருவரும் ஒன்றை எடுக்க மற்றதைக் கீழே வைத்தார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவர் இரண்டையும் பிரிக்கவே இல்லை. கத்தோலிக்கக் குருவான நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் திருமறைக் கலாமன்றத்தை ஆரம்பித்தார். மேடைதான் அவருடைய பணிக்களம். இயேசுவின் பாடுகளை நாடகமாக்கினார். கூத்தையும் இசையையும் வளர்த்தார். 'கலைமுகம்' சஞ்சிகை வெளிவரச் செய்தார். யுத்த காலத்திலும் மன்றம் ஓயவில்லை. சிங்களக் கலைஞர்களோடும் கைகோர்த்தது. 2021இல் அடிகள் மறைந்தார், மன்றம் நிலைத்திருக்கிறது.

பாடத் தெரிந்த பிள்ளையிடம் "மார்க்கமா, கலையா?" என்று அதட்டும் பெற்றோரே, அந்தத் திறமை யாருக்குப் பயன்படும் என்று முதலில் கேளுங்கள். பிள்ளை யோசித்துப் பதில் சொல்லும்.